கவுண்டி: மாவட்டம் என்று சொன்னால் போதுமா?

கவுண்டி என்ற சொல் நம்மில் பலருக்குக் கிரிக்கெட் வழியாகத்தான் அறிமுகம். 1992இல் சச்சின் யார்க்‌ஷயர் அணிக்கு ஆடினார் அல்லவா, அது கவுண்டி கிரிக்கெட். அந்த அணியின் பெயரிலேயே கவுண்டிக்கு முந்தைய சொல்லும் இருக்கிறது: ஷயர். இங்கிலாந்தின் பழைய ஆட்சிப் பிரிவு அது. ஷயரைக் கவனிக்க அரசர் வைத்த அதிகாரி ‘ஷயர் ரீவ்’. அதுதான் தேய்ந்து ஷெரிஃப் ஆனது.

1066இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்தபோது கவுண்டிக்கு மூலமான அவர்களுடைய பிரெஞ்சுச் சொல் ஷயரின் மேல் வந்து உட்கார்ந்தது. அதன் வேர் ‘கோமெஸ்’ என்ற லத்தீன் சொல். உடன் செல்பவர், தோழர் என்று பொருள். ரோமப் பேரரசரின் உடனிருந்தவர்களைக் குறித்தது, பிறகு அதிகாரிக்கும் பிரபுவுக்கும் பட்டமானது. அந்தப் பிரபுவின் ஆட்சிப் பகுதிதான் கவுண்டி. ஆனால் இங்கிலாந்தில் ‘கவுண்ட்’ என்ற பட்டம் நிலைக்கவில்லை, பழைய ‘ஏர்ல்’ பட்டமே நின்றது. ஏர்லின் மனைவிக்கு மட்டும் இன்றும் கவுண்டஸ் என்றுதான் பெயர்.

இந்த அமைப்பு குடியேறியவர்களோடு அமெரிக்காவுக்கும் போனது. 1634இல் வர்ஜீனியாவை எட்டு ஷயர்களாகப் பிரித்தார்கள். இன்று நாடு முழுவதும் 3,000க்கும் மேற்பட்ட கவுண்டிகள். நம் செய்திகளில் இவற்றை ‘மாவட்டம்’ என்று எழுதிவிட்டுப் போகிறோம். பரப்பை மட்டும் சொல்ல அது போதும். ஆட்சியைப் பற்றிப் பேசும்போதுதான் சிக்கல். நம் மாவட்ட ஆட்சியர் அரசால் நியமிக்கப்படுபவர். கவுண்டியை நடத்துபவர்களையோ அங்குள்ள மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

லாஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டியைப் பாருங்கள். சுமார் ஒரு கோடிப் பேர், 88 நகரங்கள். அத்தனைக்கும் சேர்த்து ஐந்தே பேர் கொண்ட குழு. உள்ளூர்ச் சட்டம் இயற்றுவதும் அவர்களே, நிர்வாகத்தை நடத்துவதும் அவர்களே. ஷெரிஃபும் அரசு வழக்கறிஞரும் தனித் தேர்தலில் வருகிறார்கள். ஒரே கையில் இரண்டு அதிகாரமும் இருப்பது சரியா என்ற கேள்வி பல காலமாக இருந்தது. 2024 நவம்பரில் மக்கள் வாக்களித்து இதை மாற்ற ஒப்புக்கொண்டார்கள்: குழு ஒன்பது பேராக விரியும், நிர்வாகத்துக்கென்று 2028இல் ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள். சியாட்டில் நகரம் இருக்கும் கிங் கவுண்டியில் இந்தப் பிரிவினை 1969 முதலே உண்டு. அங்கே மன்றத்தில் ஒன்பது பேர். மன்றம் நிறைவேற்றியதை நிர்வாகத் தலைவர் தடுக்கலாம், ஆறு பேர் சேர்ந்தால் அந்தத் தடையை மீறலாம்.

லாஸ் ஏஞ்சல்ஸ் குழுவினரின் பதவிப் பெயர் ‘சூப்பர்வைசர்’. இதை ‘மேற்பார்வையாளர்’ என்று எழுதினால் கட்டட வேலையிடத்தில் குடை பிடித்து நிற்பவர்தான் கண்ணுக்குத் தெரிவார். பெயரைப் பார்க்காமல் வேலையைப் பார்த்து ‘கவுண்டி ஆட்சிக்குழு உறுப்பினர்’ என்பேன். கிங் கவுண்டியில் இருப்பது ‘கவுண்டி மன்றம்’. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவரை ‘ஆட்சித் தலைவர்’ என்றால் நம் கலெக்டர் நினைவு வந்துவிடும், அதனால் ‘நிர்வாகத் தலைவர்’.

சரி, கவுண்டிக்கே தமிழ்ச் சொல் கிடையாதா? சோழர் காலத்தில் பல ஊர்கள் சேர்ந்த பிரிவு ‘நாடு’, அதன் சபையினர் ‘நாட்டார்’. நிலம், வரி பற்றி அவர்கள் கூடி எடுத்த முடிவுகள் கல்வெட்டுகளில் இருக்கின்றன. பொருளில் இதைவிட நெருக்கமான சொல் நம்மிடம் இல்லை என்றே நினைக்கிறேன். ஆனால் இன்று ‘கிங் நாடு’ என்று எழுதினால் தனி தேசம் என்று படிப்பார்கள். ஆகவே கவுண்டி என்றே எழுதி, முதல் இடத்தில் மட்டும் ‘தேர்தலில் வரும் ஆட்சி கொண்ட மாவட்டம்’ என்று விளக்கிவிடலாம்.

லூசியானா மாநிலத்தில் மட்டும் கவனம். அங்கே கவுண்டிக்குப் பெயர் பாரிஷ், கத்தோலிக்கர் காலத்துத் திருச்சபைப் பிரிவிலிருந்து வந்தது. இன்று அது முழுக்க அரசுப் பிரிவு என்பதால் ‘பங்கு’ என்று மொழிபெயர்க்காமல் பாரிஷ் என்றே விட வேண்டும்.