ஆடித் தொலைநோக்கியும் புதுச்சேரி உப்புக்காற்றும்

தொலைநோக்கி வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, லென்ஸ் வைத்ததா, ஆடி வைத்ததா என்றுதான். விட்டத்துக்கு ஆகும் செலவைப் பார்த்தால் ஆடிதான் மலிவு. விட்டம் பெரிதானால் ஒளியும் கூடும்: 130 மி.மீ. ஆடியில் விழும் ஒளி, 70 மி.மீ. லென்சில் விழுவதைப் போல மூன்று மடங்குக்கும் மேல். லென்ஸ் நிறங்களைப் பிரித்துவிடும், ஆடி பிரிக்காது. ஆனால் புதுச்சேரி, கடலூர் போன்ற கடலோர ஊர்களில் ஆடிக்கென்று ஒரு தொந்தரவு உண்டு: உப்புக்காற்று.

வீட்டுக் கண்ணாடியில் ரசம் பின்பக்கம் இருக்கும். முகம் பார்க்க அது போதும். தொலைநோக்கியில் அப்படி வைத்தால், முன்பரப்பிலும் கொஞ்சம் ஒளி எதிரொளித்து இரட்டைப் பிம்பம் விழும். அதனால் அலுமினியத்தை முன்பக்கத்திலேயே பூசுகிறார்கள். பூச்சின் தடிமன் சுமார் 100 நானோமீட்டர், அதாவது மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. எதிரொளிக்கும் ஒளி கண்ணாடிக்குள் போவதே இல்லை. அந்தப் படலத்தைச் சரியான வளைவில் தாங்கிப் பிடிப்பது மட்டும்தான் கண்ணாடியின் வேலை.

அந்த வளைவில்தான் விஷயம் இருக்கிறது. கோள வடிவக் குழியாடியில், தொலைவிலிருந்து வரும் கதிர்களில் ஓரத்தில் படுவதும் நடுவில் படுவதும் ஒரே புள்ளியில் சேராது. பரவளைய (parabola) வடிவில் சேரும். 15 செ.மீ. விட்டம், 120 செ.மீ. குவியத் தூரம் கொண்ட ஓர் ஆடியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் குழியின் ஆழமே 1.2 மி.மீ.தான். நடுவில் இரண்டு வடிவங்களையும் பொருத்திப் பார்த்தால், ஓரத்தில் அவை விலகுவது 0.3 மைக்ரானுக்கும் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவு. தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான்!

இதைக் கையாலேயே செய்துவிடலாம் என்பதுதான் எனக்குப் பெரிய வியப்பு. இரண்டு கண்ணாடி வட்டுகளுக்கு நடுவே கார்பரண்டம் என்ற கடினமான தேய்ப்புத் தூளும் தண்ணீரும் போட்டு, மேல் வட்டைத் தள்ளி இழுத்துத் தேய்ப்பார்கள். மேல் வட்டு வெளியே நீளும்போது அதன் நடுப்பகுதி கீழ் வட்டின் விளிம்பில் அழுந்தும். மேலே குழி விழும், கீழே மேடாகும். எல்லாத் திசையிலும் வழுக்கி உரசும் இரண்டு பரப்புகள் தானாகவே கோள வடிவத்துக்கு வந்துவிடும். அப்புறம் சீரியம் ஆக்சைடு வைத்து மெருகேற்றி, பொறுமையாகப் பரவளையமாக்க வேண்டும். சரிபார்க்க ஒரு சிறு விளக்கும் சவர பிளேடும் போதும். விளக்கிலிருந்து ஆடியில் பட்டுத் திரும்பி வந்து குவியும் ஒளியை பிளேடால் வெட்டினால், மேடு பள்ளங்கள் நிழலாகத் தெரியும். 1858இல் பிரெஞ்சு இயற்பியலாளர் ஃபூக்கோ சொன்ன வழி இது.

1668இல் நியூட்டன் செய்த ஆடி செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோகம். அது கறுத்துவிடும். மீண்டும் மெருகேற்றினால் பாடுபட்டுக் கொண்டுவந்த வளைவும் கெடும். 1850களில் கண்ணாடிமேல் வெள்ளி பூசத் தொடங்கியதும் அந்தத் தலைவலி தீர்ந்தது: படலம் போனால் படலத்தை மட்டும் மாற்றலாம். 1930களில் வெள்ளியின் இடத்துக்கு அலுமினியம் வந்தது.

வானம் பார்க்க வந்தவரைப் புதுச்சேரி ஏமாற்றுவது புதிதல்ல. 1769 ஜூன் 4 காலை, வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதைப் பார்க்க இங்கே காத்திருந்த பிரெஞ்சு வானியலாளர் லெ ஜென்டிலுக்கு மேகம்தான் கிடைத்தது. மேகத்துக்கு வைத்தியம் இல்லை. உப்புக்காற்றுக்கு ஓரளவு உண்டு.

அலுமினியத்தின் மேல் தானாக உருவாகும் ஆக்சைடு தோல் அதைக் காக்கும். உப்பிலுள்ள குளோரைடு, ஈரத்தோடு சேர்ந்து அந்தத் தோலைத் துளைத்துவிடும். ஊசிமுனைப் புள்ளிகளாக அரிப்பு தொடங்கும். அதனால் பார்த்து முடித்ததும், பனி படிந்திருந்தால் காயவிட்டு, குழாயின் வாயை மூடுங்கள். உள்ளே ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இருக்கட்டும். தூசியைக் கண்டு துணியை எடுக்காதீர்கள். தூசி மறைக்கும் ஒளி கொஞ்சம்தான். துடைத்தால் மணல்துகளே கீறிவிடும். ரொம்ப அழுக்கானால் காய்ச்சி வடித்த நீரில் அலசலாம். பூச்சு போயே போனால் வெற்றிடக் கலனில் வைத்து மறுபடி பூச வேண்டியதுதான். ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகத்திலுள்ள 2.34 மீட்டர் ஆடிக்கும் அதே வைத்தியம்தான். அதற்கான கலன் அங்கேயே இருக்கிறது.