அந்த 8.1 கிலோமீற்றரை யார் அளந்தது?

போன கிழமை ஒரு மாணவன் ஆய்வேட்டு வரைவோடு வந்தான். நியூத்திரன் விண்மீனுக்கு, அதாவது வெடித்த பெரிய விண்மீனின் ஒடுங்கிய கருவுக்கு, மாதிரி அமைத்திருந்தான்; ஐன்ஸ்டீனின் பொதுச் சார்பில் அல்ல, எஃப்-ஆர் என்ற திருத்திய ஈர்ப்புக் கோட்பாட்டில். 14 வரைபடங்கள். அடர்த்தி நடுவிலிருந்து வெளியே குறைகிறது, ஒலி ஒளியை முந்தவில்லை, மேற்பரப்பில் அமுக்கம் பூச்சியம்.

"எல்லா நிபந்தனையும் சரியா வந்திட்டுது சேர்" என்றான்.

"ஹேர்க்குலஸ் எக்ஸ்-1 என்ற நியூத்திரன் விண்மீனின் ஆரம் 8.1 கிலோமீற்றர் என்று போட்டிருக்கிறீர். யார் அளந்தது?"

பேப்பர்களில் இருந்ததாம். உண்மைதான், நிறையப் பேப்பர்களில் இருக்கிறது. அதன் மூலம் 2013இல் வந்த ஓர் அட்டவணை. அதிலுள்ள 12 விண்மீன்களின் திணிவுகள் அவதானத்திலிருந்து வந்தவை. ஆரங்கள் அப்படியல்ல. விண்மீன் விந்தைக் குவார்க்குகளும் கலந்த பொருளால் ஆனது (குவார்க்குகள் நியூத்திரனுக்குள்ளும் இருக்கும் அடிப்படைத் துகள்கள்) என்று வைத்துக்கொண்டு, ஐன்ஸ்டீனின் சமன்பாடுகளில் கணித்து எடுத்தவை. ஐன்ஸ்டீனை விட்டு விலகும் கோட்பாட்டைச் சோதிக்க, ஐன்ஸ்டீனை நம்பிக் கணித்த எண்ணையே சாட்சிக்குக் கூப்பிடுகிறோம்! நானும் ஒரு காலத்தில் அதைப் பிரதி பண்ணியவன்தான். மதிப்பீட்டாளரும் கேட்கவில்லை.

உண்மையில் அளந்த ஆரம் வேண்டுமென்றால், சர்வதேச விண்வெளி நிலையத்திலுள்ள நைசர் தொலைநோக்கியிடம் போகலாம். சூரியனைப்போல் ஏறத்தாழ 2.08 மடங்கு திணிவுள்ள ஜே0740+6620 பல்சருக்கு (சுழன்றபடி துடிப்புத் துடிப்பாகக் கதிர் வீசும் நியூத்திரன் விண்மீன்), 2021இல் ஓர் அணி 12.4 கிலோமீற்றர் என்றது, இன்னொரு அணி 13.7 என்றது. திருகோணமலை டவுனிலிருந்து நிலாவெளிக்குப் போகிற தூரம்கூட இல்லை. அந்தச் சின்ன உருண்டைக்குள் இரண்டு சூரியன்.

சரி, இந்த ஆரத்தோடு மாதிரி பொருந்தினால் புதுக் கோட்பாடு வென்றதா? இல்லை. உள்ளே இருக்கும் பொருள் எவ்வளவு அமுக்கத்தைத் தாங்கும் என்பது இன்னும் உறுதியாகத் தெரியாது. பொருள் விறைப்பாக இருந்தாலும் விண்மீன் பெருக்கும், ஈர்ப்பு விதி மாறினாலும் பெருக்கலாம். திணிவையும் ஆரத்தையும் மட்டும் வைத்து இவ்விரண்டையும் பிரிப்பது கடினம். "ஐன்ஸ்டீன் தோற்றார்" என்று யாராவது முகநூலில் போட்டால், அமுக்கத்துக்கு எந்தச் சமன்பாட்டை எடுத்தார்கள் என்று கேளுங்கள்.

அப்புறம் மேற்பரப்பு. வெளியே உள்ள வெற்றிடத்தின் ஈர்ப்பைச் சொல்லும் ஸ்வார்ட்ஸ்சைல்ட் தீர்வை ஒட்டுவதற்குப் பொதுச் சார்பில் அமுக்கம் பூச்சியமானால் போதும். எஃப்-ஆரில் போதாது. வெளி-நேரத்தின் வளைவை ஒற்றை எண்ணாகச் சொல்லும் வளைவு எண்ணளவும் அதன் சரிவும் உள்ளிருந்து வரும்போதே எல்லையில் பூச்சியமாக வேண்டும். விண்மீனின் உட்புறத்துக்குப் பலரும் எடுக்கும் குரோரி-பருவா என்ற ஆயத்தச் சூத்திர வடிவத்தை எடுத்து மாறிலிகளைப் பொருத்திவிட்டு இதைப் பார்க்காமல் விடுகிறவர்கள் அதிகம். இவனும் பார்க்கவில்லை. என் மேசையிலேயே கணித்துப் பார்த்தோம், பூச்சியம் வரவில்லை.

கொஞ்ச நேரம் தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தான்.

"பதினாலில எத்தனை மிஞ்சும் சேர்?"

"ரெண்டு. அதுவும் அச்சுகளைப் பெயரிட்ட பிறகு."