அடுப்பு அணைந்த பிறகும் விடியும்வரை சுடும் தரை

ஜனவரி மாதத்தில் சியோல் நகரில் இரவு வெப்பநிலை பூஜ்யத்துக்கும் கீழே பத்து டிகிரிக்கு இறங்குவது புதிதல்ல. அந்தக் குளிரில், மரச்சட்டமும் மண்சுவரும் காகிதம் ஒட்டிய கதவும் உள்ள ஒரு வீட்டில் நீங்கள் ஓர் இரவு தங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அறையில் கட்டில் இல்லை. தரையில் விரிக்க ஒரு மெத்தை, போர்த்திக்கொள்ள ஒரு தடித்த போர்வை, அவ்வளவுதான். சாயங்காலம் வெளிச்சுவரின் அடியில் இருந்த அடுப்பில் விறகு எரிந்தது. நீங்கள் படுக்கப் போகும்போது அங்கே சாம்பல்தான் மிச்சம். ஆனால் விடியற்காலை நாலு மணிக்கு விழிப்பு வரும்போது முதுகுக்குக் கீழே தரை இன்னும் இதமாகச் சுடுகிறது.

இந்த மரபு வீட்டுக்கு ஹனோக் என்று பெயர். அதன் தரைக்கு அடியில் இருக்கும் ஏற்பாட்டுக்கு ஒண்டோல், அதாவது ‘சூடான கல்’. கொரியர்கள் பேச்சில் குடுல் என்றும் சொல்வார்கள். இதன் வேர் மிகப் பழையது. குளிர்காலத்தில் பழைய கொரிய அரசான கோகுர்யோவின் மக்கள் நீண்ட பள்ளம் அமைத்து அதன் கீழே நெருப்பு மூட்டிக் குளிர்காய்கிறார்கள் என்று 10ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட ஒரு சீன வரலாற்று நூல் குறித்து வைத்திருக்கிறது. முதலில் சுவரோரம் மட்டும் ஓடிய அந்தச் சூடான பாதை, நூற்றாண்டுகள் போகப்போக அறை முழுவதற்கும் பரவியது.

நெருப்பு போகும் வழியைப் பார்ப்போம். அடுப்பின் வாய்க்கு அகுங்கி என்று பெயர். அது அறையின் தரையைவிடத் தாழ்வாக இருக்கும், பெரும்பாலும் சமையலறையில். அதனாலேயே பழைய கொரியச் சமையலறையின் தரை மற்ற அறைகளைவிடப் பள்ளமாக இருக்கும். அடுப்பின் மேல் பெரிய இரும்புப் பானை உட்கார்ந்திருக்கும். சோறு வெந்த அதே நெருப்பின் புகையும் அனலும் வெளியே போகாமல் அறைக்கு அடியில் நுழைகின்றன. அங்கே கல்லாலும் மண்ணாலும் கட்டிய கால்வாய்கள் வரிசையாக ஓடுகின்றன. அவற்றின் மேல் தட்டையான கற்பலகைகள். பலகைகளின் மேல் களிமண் பூச்சு. அதற்கும் மேல் எண்ணெய் ஊறிய காகிதம். அந்தக் காகிதத்தின் மேல்தான் நீங்கள் படுத்திருக்கிறீர்கள்.

அடுப்பைத் தாண்டியதும் கால்வாயின் வாயில் ஒரு சிறு மேடு இருக்கும். அனல் அதன் மேல் ஏறிக் குதித்துத்தான் உள்ளே போக வேண்டும். உள்ளே போன சூடு திரும்பி வராமல் பார்த்துக்கொள்வது அந்த மேடு. மறுகோடியில், புகைபோக்கிக்கு முன்னால், ஆழமான ஒரு பள்ளம். ஓடி ஓடிக் களைத்துக் குளிர்ந்த புகை அங்கே வேகம் குறைகிறது. கரியும் சாம்பலும் கீழே படிகின்றன. வெளியிலிருந்து இறங்கும் குளிர்காற்றும் அங்கேயே தங்கிவிடுகிறது. மொத்தத்தையும் இழுத்துச் செல்வது புகைபோக்கி. சூடான புகை வெளிக்காற்றைவிட லேசானது. அது மேலே ஏற ஏற, பின்னால் இருப்பது அடுப்பிலிருந்து இழுபடுகிறது. சியோலின் கியோங்போக் அரண்மனையில் அரசியின் மாளிகைக்குப் பின்புறம், பூக்கள் பதித்த அறுகோணத் தூண்கள் நான்கு நிற்கின்றன. பலர் அலங்காரம் என்று நினைத்துப் படமெடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அவை அந்த மாளிகையின் புகைபோக்கிகள். புகை நிலத்தடியே பயணம் செய்து தோட்டத்தில் போய் வெளியேறுகிறது.

சரி, அடுப்பு அணைந்த பிறகும் சூடு எங்கிருந்து வருகிறது? கல்லிலிருந்துதான். தடித்த தோசைக்கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். அடுப்பை அணைத்த பிறகும் ஒரு தோசை வார்த்துவிடலாம். இங்கே அந்தக் கல் ஓர் அறை அளவுக்குப் பெரியது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பத்தடிக்குப் பத்தடி அறை, கல்லும் மண்ணும் சேர்ந்து அரை அடி தடிமன் என்றால் தரையின் எடை ஏறத்தாழ மூன்று டன். ஒரு கிலோ கல்லையோ மண்ணையோ ஒரு டிகிரி சூடாக்க சுமார் 0.9 கிலோஜூல் வேண்டும். ஆக அந்தத் தரை 20 டிகிரி குளிரும்போது வெளிவிடும் வெப்பம் 54,000 கிலோஜூல். மின்சாரக் கணக்கில் இது 15 யூனிட். அதாவது 1500 வாட் ஹீட்டர் ஒன்றைப் பத்து மணி நேரம் ஓடவிட்டதற்குச் சமம். காய்ந்த விறகு ஒரு கிலோவில் ஏறத்தாழ 4 யூனிட் ஆற்றல் இருக்கிறது. புகையோடும் நிலத்துக்குள்ளும் கொஞ்சம் போகத்தான் செய்யும், ஆனாலும் ஓர் இரவுக்குத் தேவையான வெப்பம் கையில் தூக்கிவரும் ஒரு கட்டு விறகில் அடங்கிவிடுகிறது.

சேமிப்பு பாதிக் கதைதான். மீதி, தாமதம். கல்லின் அடியில் பட்ட சூடு உடனே மேலே வந்துவிடாது. பத்து சென்டிமீட்டர் தடித்த கருங்கல்லை வெப்பம் ஊடுருவ சுமார் மூன்று மணி நேரம் ஆகும். இதில் ஒரு விதி உண்டு: தடிமன் இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்காகிறது. குடுல் போடும் கைவினைஞர்கள் இதைக் கைப்பழக்கமாகவே தெரிந்து வைத்திருந்தார்கள். நெருப்புக்குப் பக்கத்தில் தடித்த கல், மேலே கனமான மண்பூச்சு. தூரம் போகப் போக மெல்லிய கல், மெல்லிய பூச்சு. கால்வாயின் அடித்தளமும் மறுகோடியை நோக்கி மெல்ல உயரும். நெருப்பருகே பட்ட கடும் அனல் தாமதித்து மெதுவாக மேலே வருகிறது. தூரத்தில் வந்துசேரும் இளஞ்சூடு சீக்கிரமே மேலே வந்துவிடுகிறது. எனக்கு இந்தத் தொழில்நுட்பத்தில் மிகவும் பிடித்த இடம் இதுதான். நெருப்பு எரியும் நேரத்தையும் மனிதன் தூங்கும் நேரத்தையும் ஒரு கல்லின் தடிமனால் இணைத்திருக்கிறார்கள்.

அப்படிச் செய்தும் தரை முழுவதும் ஒரே சூடாக இருப்பதில்லை. அடுப்புப் பக்கத்து இடத்துக்கு அரென்மோக் என்று பெயர், எதிர்க்கோடி வின்மோக். அரென்மோக் பெரியவர்களுக்கும் விருந்தினருக்கும் உரியது. அங்கே எப்போதும் ஒரு போர்வை விரித்திருக்கும். குளிரில் நடந்து வருகிறவர்கள் முதலில் அதன் கீழே கால்களை நுழைத்துக்கொள்வார்கள். வீட்டுக்குத் தாமதமாக வருகிறவருக்கான சோற்றுக் கிண்ணத்தையும் மூடி அதன் அடியில்தான் வைப்பார்கள். போர்வை சூட்டை வெளியே விடாமல் தடுப்பதால் அதன் கீழே இருக்கும் தரை திறந்த தரையைவிட அதிகம் சூடாகிவிடும். இரவில் அங்கே படுத்தால் மெத்தையை மடித்துத் தடிப்பாகப் போட்டுக்கொள்வது நல்லது. தோல் 44 டிகிரிச் சூட்டில் ஆறு மணி நேரம் தொடர்ந்து பட்டிருந்தாலே புண்ணாகிவிடும். தொடும்போது அந்தச் சூடு இதமாகத் தோன்றுவதுதான் ஆபத்து.

முதல்முறை தங்குபவர்களுக்கு ஒரு வியப்பு காத்திருக்கும்: முதுகு சுடும், மூக்கு குளிரும். காகிதக் கதவின் இடுக்குகள் வழியே குளிர்காற்று கசியத்தான் செய்கிறது. ஆனால் ஒண்டோலின் முதல் வேலை காற்றைச் சூடாக்குவது அல்ல. காற்றைச் சூடாக்கினால் அது கூரைக்குப் போய்விடும், தரையில் இருப்பவர்களுக்குக் கிடைக்காது. தரையைச் சூடாக்கினால் தொடும் உடலுக்கு வெப்பம் நேராக ஏறுகிறது. தொடாத பாகத்துக்கும் கதிர்வீச்சாக வந்து சேர்கிறது. காற்று கொஞ்சம் குளிர்ந்தே இருந்தாலும் உடல் நடுங்காது. வாசலில் செருப்பைக் கழற்றுவது, தரையில் உட்கார்ந்து சாப்பிடுவது, காலையில் படுக்கையைச் சுருட்டி அலமாரியில் வைப்பது என எல்லாம் இந்தத் தரையோடு பின்னிப் பிணைந்தவை. ஒண்டோல் அறைகள் சிறியதாகவும் கூரை தாழ்வாகவும் இருப்பதும் இதனால்தான்.

அதே வீட்டில் கோடைக்கு வேறு இடம். நடுவில் இருக்கும் மாரு என்ற மரப்பலகைக் கூடம் நிலத்திலிருந்து உயர்த்திக் கட்டப்பட்டது, அடியில் காற்று ஓடும். முன்னால் செடி ஏதும் இல்லாத வெட்டவெளி முற்றம், பின்னால் நிழலான தோட்டமோ குன்றோ. வெயிலில் முற்றத்துக் காற்று சூடேறி மேலே எழும்ப, பின்பக்கத்துக் குளிர்ந்த காற்று கூடத்தின் வழியாக வந்து அந்த இடத்தை நிரப்புகிறது. சியோலில் நடுக்கோடையின் உச்சிச் சூரியன் அடிவானத்திலிருந்து 76 டிகிரி கோணத்தில் நிற்கும். நடுக்குளிர்காலத்தில் 29 டிகிரிதான். நீண்டு வளைந்த எரவாணம் முதலாவதைத் தடுத்து இரண்டாவதை அறைக்குள் விடுகிறது.

ஒண்டோலுக்கு ஒரு துயரமான பக்கமும் உண்டு. கொரியப் போருக்குப் பிறகு விறகின் இடத்தை யோன்தான் என்ற துளையிட்ட நிலக்கரிக் கட்டிகள் பிடித்தன. அவை மலிவு, நீண்ட நேரம் எரியும். ஆனால் அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடு வாயுவை நிறைய உண்டாக்கும். தரைப்பூச்சில் ஒரு மெல்லிய விரிசல் போதும். நிறமோ வாசனையோ இல்லாத அந்த வாயு இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்ஸிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் வலுவாக ஒட்டிக்கொள்கிறது. பல குடும்பங்கள் தூக்கத்திலேயே இறந்துபோயின. தரையில் ஒட்டும் எண்ணெய்க் காகிதம் வெறும் அழகுக்கானது அல்ல என்பது இங்கே புரியும். விரிசலை அடைக்கும் கடைசிக் காவல் அது.

இன்று கொரிய அடுக்குமாடி வீடுகளில் நெருப்புக்குப் பதிலாக, கான்கிரீட் தரைக்குள் பதித்த குழாய்களில் வெந்நீர் ஓடுகிறது. அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாய்ட் ரைட் ஜப்பானில் ஒரு செல்வந்தர் வீட்டில் இருந்த ‘கொரிய அறை’யில் உட்கார்ந்து அதன் கதகதப்பில் வியந்துபோனார். பிறகு விஸ்கான்சினில் 1937இல் கட்டிமுடித்த ஜேக்கப்ஸ் வீட்டின் தரைக்கடியில் குழாய்களைப் பதித்தார். தென்கொரிய அரசு 2018இல் ஒண்டோல் பண்பாட்டைத் தேசிய மரபுச் செல்வமாக அறிவித்தது.

ஜொன்ஜு நகரின் ஹனோக் குடியிருப்பிலோ ஆண்டோங் பக்கத்துக் கிராமங்களிலோ தங்கப் போகிறவர்கள் முன்பதிவின்போது ஒன்று கேட்டுக்கொள்ளலாம்: விறகு அடுப்பா, வெந்நீர்க் குழாயா? பல இடங்களில் இரண்டாவதுதான். விறகு எரிக்கும் அறை கிடைத்தால், படுக்கையை விரிப்பதற்கு முன் தரையை ஒருமுறை உற்றுப் பாருங்கள். தேன் நிறக் காகிதம் ஒரு மூலையில் மட்டும் கருத்துப் பழுப்பேறியிருக்கும். அரென்மோக் அதுதான், மெத்தையைத் தடிப்பாகப் போட்டு அங்கேயே படுத்துக்கொள்ளுங்கள்.