ஓடாமல் வரும் வேகம்: பேஸ்பால் பிட்சரின் தோளுக்குள் என்ன நடக்கிறது?

"கிரிக்கெட்டில் வேகப்பந்து வீச்சாளர் அவ்வளவு தூரம் ஓடி வந்து போடுகிறார். பேஸ்பாலில் பிட்சர் நின்ற இடத்திலிருந்தே எறிகிறார். அப்படியிருந்தும் பேஸ்பால்தான் வேகமாகப் போகிறது என்கிறார்களே, எப்படி?" வாசகர் ஒருவர் கேட்டிருந்த கேள்வி இது.

அவர் சொல்வது உண்மைதான். 2003 உலகக் கோப்பையில் சோயிப் அக்தர் போட்ட பந்து மணிக்கு 161.3 கிலோமீட்டர் வேகம். 2010 செப்டம்பரில் சின்சினாட்டி ரெட்ஸ் அணியின் அரோல்டிஸ் சாப்மன் எறிந்த பேஸ்பால் 169 கிலோமீட்டரைத் தொட்டது. ஓட்டம் எதுவும் இல்லை, ஒரே ஒரு எட்டுதான்.

சட்டென்று ஒரு விடை சொல்லலாம். கிரிக்கெட்டில் பந்து போடும்போது முழங்கை 15 டிகிரிக்கு மேல் நிமிரக் கூடாது, பேஸ்பாலில் அந்தக் கட்டுப்பாடு கிடையாது. ஆனால் முழங்கை நிமிர்வதால் கிடைக்கும் வேகத்தைவிட, அது மடங்கியிருப்பதால் தோளுக்குக் கிடைக்கும் லாபம்தான் பெரிது. என்னை வியக்க வைப்பது அந்த இடம்தான்.

முதலில் கால்கள். பிட்சர் முன்காலைத் தூக்கி, பின்காலால் தரையை உந்தி, தன் உயரத்தில் ஏறக்குறைய 85 சதவீத தூரத்துக்கு ஓர் எட்டு வைக்கிறார். முன்கால் ஊன்றியதும் உடல் முன்னோக்கிப் போவது தடைபடுகிறது. இங்கேதான் ஆட்டம் தொடங்குகிறது. கால் ஊன்றியதிலிருந்து பந்து கையை விட்டுப் போகும் வரை ஆகும் நேரம் ஒரு நொடியில் ஏழில் ஒரு பங்குதான்.

அந்த நேரத்துக்குள் இடுப்பு முதலில் திரும்புகிறது, நொடிக்கு 600 டிகிரிக்கு மேல். மார்பு அதோடு சேர்ந்து திரும்புவதில்லை, பின்தங்கி நிற்கிறது. வயிற்றின் பக்கவாட்டுத் தசைகள் இழுபடுகின்றன. அப்புறம் முன்கால் கொடுக்கும் தடையில் இடுப்பின் வேகம் குறைய, மேலுடம்பு 1,100 டிகிரி வேகத்தில் சுழல்கிறது. கனமான பகுதி வேகம் குறையும்போது அதன் சுழற்சி உந்தம் லேசான பகுதிக்குக் கைமாறுகிறது. பள்ளியில் படித்த உந்த அழியா விதிதான். வரிசை பிசகினால் போச்சு. மார்பு இடுப்போடு ஒன்றாகத் திரும்பிவிட்டால் கால்கள் கொடுத்த வேகத்தில் பெரும்பகுதி கைக்கு வந்து சேராது.

இனி தோள். இதை நீங்களே செய்து பார்க்கலாம். வலது கையைப் பக்கவாட்டில் தோள் உயரத்துக்குத் தூக்குங்கள். முழங்கையைச் செங்கோணமாக மடக்கி, விரல்கள் மேலே பார்க்கும்படி வையுங்கள். மேல்கையை அசைக்காமல் முன்கையை மட்டும் பின்பக்கமாகச் சாயுங்கள். செங்குத்தைத் தாண்டிக் கொஞ்சம் போனதுமே தோள் இறுகிவிடும். பந்து எறியும் பிட்சருக்கோ முன்கை கிட்டத்தட்டத் தரைக்கு இணையாகப் பின்னால் சாய்ந்துவிடுகிறது, உள்ளங்கை வானத்தைப் பார்க்கிறது. தோள்பட்டை எலும்பும் வளையும் முதுகும் அதில் ஒரு பங்கு கொடுக்கின்றன.

இவ்வளவு தூரம் கையைப் பின்னால் சாய்ப்பது யார்? பிட்சரின் தசைகள் அல்ல. தோளின் முன்பக்கத் தசைகள் அப்போது கையை முன்னால் இழுக்கத்தான் பார்க்கின்றன. ஆனால் மேலுடம்பு முன்னோக்கிப் பாயும்போது, மடங்கிய முழங்கைக்கு அப்பால் இருக்கும் முன்கையும் உள்ளங்கையும் 145 கிராம் பந்தும் தம் நிலைமத்தால் பின்தங்குகின்றன. உடல் முன்னால் போகிறது, கை பின்னால் போகிறது. கை நேராக நீட்டியிருந்தால் இது நடக்காது. மேல்கை எலும்பு சுழலும் அச்சிலேயே முன்கையும் கிடக்கும், அதைப் பின்னால் தள்ள நெம்பு கிடைக்காது. மடங்கிய முழங்கைதான் அந்த நெம்பு.

இப்படிப் பின்னால் சாயும்போது தோளின் முன்பக்கத் தசைநாண்களும் இணைப்பு நார்களும் உண்டிவில்லின் ரப்பரைப் போல இழுபட்டு ஆற்றலைச் சேமித்துக்கொள்கின்றன. அடுத்த கணம் அத்தனையும் விடுபடுகிறது. மேல்கை எலும்பு தன் அச்சில் நொடிக்கு 7,000 டிகிரி வேகத்தில் முன்னோக்கித் திரும்புகிறது. அதே வேகத்தில் நிற்காமல் சுழன்றால் நொடிக்கு 19 சுற்றுக்கு மேல் வரும்! மனித உடலில் அளக்கப்பட்ட அசைவுகளில் மிக வேகமானவற்றுள் இது ஒன்று. தசை சுருங்குவதால் மட்டும் இந்தத் திறன் கிடைக்காது. மெதுவாக ஏற்றி வேகமாக இறக்கும் ஒரு சேமிப்பு வேண்டும்.

நீல் ரோச், மதுசூதன் வெங்கடேசன், டேனியல் லீபர்மன் முதலான ஆய்வாளர்கள் 2013இல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் இதை எழுதினார்கள். கல்லூரி வீரர்களின் உடலில் ஒளியைத் திருப்பும் குறிகளை ஒட்டி, எறிவதைக் கேமராக்களில் பதிவு செய்தார்கள். தோள் பின்னால் சாய்வதைத் தடுக்கும் பட்டையைக் கட்டிவிட்டபோது எறியும் வேகம் குறைந்தது. நம் நெருங்கிய உறவான சிம்பன்சி நம்மைவிட வலுவானது, ஆனால் அதனால் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்துக்குத்தான் எறிய முடிகிறது. அதன் தோளும் இடுப்பும் அமைந்திருக்கும் விதம் வேறு. ஏறத்தாழ 20 லட்சம் ஆண்டுகளுக்கு முன், வேட்டையாடத் தொடங்கிய நம் மூதாதையரிடம் இந்த அமைப்பு முழுமையடைந்தது என்பது இவர்கள் வாதம். சிம்பன்சியையும் பேஸ்பாலையும் ஒப்பிட எதற்குப் பொதுப்பணம் என்று கேட்பவர்கள் உண்டு. தோள் எப்படி உடைகிறது என்பது, அது எதற்காக இப்படி அமைந்தது என்று தெரிந்த பிறகுதான் விளங்கும். இப்படிப்பட்ட கேள்விகளுக்குத் தயங்காமல் பணம் தர வேண்டும் என்பேன்.

எலும்பும் இதில் பங்கெடுக்கிறது. மேல்கை எலும்பில் பிறக்கும்போதே ஒரு பின்முறுக்கு உண்டு, வளர வளர அது குறையும். சிறு வயதிலிருந்து நிறைய எறிந்தவர்களுக்கு எறியும் கையில் அந்த முறுக்கு அவ்வளவாகக் குறைவதில்லை. அதனால்தான் அந்தக் கை கூடுதலாகப் பின்னால் சாய்கிறது.

பந்தை விடும் கணம் இன்னொரு அதிசயம். கை நொடிக்கு 40 மீட்டர் வேகத்தில், ஏறக்குறைய ஒரு மீட்டர் ஆரத்தில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மில்லிநொடி பிசகினால் பந்தின் திசை 2 டிகிரிக்கு மேல் மாறும். 17 மீட்டர் தள்ளி இருக்கும் பேட்டரிடம் போகும்போது அது அரை மீட்டருக்கும் மேலான பிழை. பிட்சர்கள் கையின் பாதையைக் கொஞ்சம் நேராக்கி இந்தப் பிழையைக் குறைக்கிறார்கள். கை பின்னால் சாய்ந்ததிலிருந்து பந்து விடுபட 0.03 நொடிதான். மூளை பார்த்துத் திருத்த அதில் நேரமில்லை. விரல்கள் எப்போது விரிய வேண்டும் என்ற கட்டளை முன்கூட்டியே புறப்பட்டிருக்க வேண்டும்.

இதற்கெல்லாம் விலை கொடுப்பது முழங்கையின் உட்புறம். கை முழுக்கப் பின்னால் சாய்ந்திருக்கும் அந்தக் கணத்தில் அங்கே 64 நியூட்டன் மீட்டர் திருப்புவிசை விழுகிறது என்று அமெரிக்காவின் அலபாமாவில் விளையாட்டுக் காயங்களை ஆராயும் கிளென் ஃபிளைசிக் குழு 1995இல் கணக்கிட்டது. முழங்கையிலிருந்து கால் மீட்டர் தள்ளி 26 கிலோ எடையைத் தொங்கவிட்டதற்குச் சமம் அது. அங்கே எலும்போடு எலும்பைக் கட்டியிருக்கும் நாரை, இறந்தவர் உடலிலிருந்து எடுத்துச் சோதித்தபோது, அதில் பாதியிலேயே அறுந்தது. மீதியைச் சுமப்பவை முன்கைத் தசைகளும் எலும்பும்.

அந்த நார் அறுந்தால் ஒரு காலத்தில் ஆட்டம் முடிந்தது. 1974 செப்டம்பரில் ஃபிராங்க் ஜோப் என்ற மருத்துவர், டாமி ஜான் என்ற பிட்சரின் வலது முன்கையிலிருந்து தசைநாண் ஒன்றை எடுத்து இடது முழங்கையில் கட்டினார். 1976இல் திரும்பிவந்த ஜான் 1989 வரை ஆடினார். அறுவைக்கே அவர் பெயர் நிலைத்துவிட்டது. இன்று இதைச் சுற்றி ஒரு மூடநம்பிக்கை வளர்ந்திருக்கிறது. இந்த அறுவை செய்தால் பந்தின் வேகம் கூடும் என்று நம்பும் பெற்றோரும் பயிற்சியாளர்களும் இருக்கிறார்கள். அப்படி வேகம் கூடுவதில்லை. திரும்பி வந்தவர்களில் முன்பைவிட வேகமாக எறிபவர் இருந்தால், அது ஓராண்டுக்கும் மேலாகச் செய்த உடற்பயிற்சியின் பலன். நன்றாக இருக்கும் பிள்ளையின் கையை இதற்காக அறுக்க நினைப்பதைப் போலக் கொடுமை வேறில்லை.

பிள்ளைகளுக்கு ஆபத்து எறியும் எண்ணிக்கையில்தான் அதிகம். களைத்த தசை தன் பங்கைச் சுமக்காது, சுமை முழுவதும் நாரின் மேல் இறங்கும். ஃபிளைசிக் குழு இளம் பிட்சர்களைப் பத்தாண்டுகள் பின்தொடர்ந்தது. ஆண்டுக்கு 100 இன்னிங்ஸுக்கு மேல் (பேஸ்பாலில் எதிரணியின் மூவர் அவுட்டாகும் வரை எறிவது ஓர் இன்னிங்ஸ்) எறிந்தவர்களுக்குக் கடுமையான காயம் 3.5 மடங்கு அதிகம். 2014இல் அமெரிக்காவில் வந்த வழிகாட்டுதல் 9, 10 வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு 75 பந்து என்று வரம்பு வைக்கிறது. 66ஐத் தொட்டாலே நான்கு நாள் ஓய்வு. ஒரே பிள்ளை இரண்டு அணிகளில் ஆடும்போது ஒவ்வொரு பயிற்சியாளரும் தன் கணக்கை மட்டும்தான் பார்ப்பார். மொத்தக் கணக்கைப் பெற்றோர்தான் எழுதி வைக்க வேண்டும்.