காட்சி ஆட்டத்தைக் கண்காட்சி ஆக்காதீர்கள்

போன வாரம் வீட்டில் எல்லோருமாக அமெரிக்க விளையாட்டு வரலாறு பற்றிய ஓர் ஆவணப்படம் பார்த்துக்கொண்டிருந்தோம். கறுப்பு வெள்ளையில் ஒரு பள்ளிக்கூடத்து உள்ளரங்கம். பீரோ அகலத்துக்கு இருந்த ஐந்தாறு பேர் அரைக்கால் சட்டையோடு கூடைப்பந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். கீழே தமிழில் வரி ஓடியது: 'பருவமற்ற காலத்தில் தொழில்முறை கால்பந்து வீரர்கள் கண்காட்சிக் கூடைப்பந்து விளையாடினர்.' ஏழாவது படிக்கிற அக்கா மகன் கேட்டான்: "மாமா, கண்காட்சில கூடைப்பந்து ஸ்டால் போட்டிருந்தாங்களா?"

அவன்மேல் தப்பே இல்லை. அந்த வரியைத் தமிழாகப் படித்தால் அப்படித்தான் தோன்றும். டென்னிஸ் செய்தியிலும் குத்துச்சண்டைச் செய்தியிலும் 'எக்ஸிபிஷன் மேட்ச்' என்பதற்குத் தமிழாக வரும் இந்தக் 'கண்காட்சிப் போட்டி'யைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்தப் படத்தில் நடந்தது என்ன என்று சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்தில் என்எஃப்எல் (பந்தைக் கையில் ஏந்தி ஓடுகிற அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்) ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் இன்றுபோல் கோடிகளில் இல்லை. சீசன் முடிந்தால் மறுபடி கோடையில் பயிற்சி முகாம் தொடங்கும்வரை பலர் காப்பீடு விற்றார்கள், கார் விற்றார்கள். பிலடெல்பியா ஈகிள்ஸ், பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் போன்ற அணிகளின் ஆட்டக்காரர்கள் சிலர் சேர்ந்து ஒரு கூடைப்பந்துக் குழு அமைத்துக்கொண்டு சிற்றூர்ப் பள்ளிகளுக்குப் போவார்கள். எதிரே நிற்பது அந்த ஊர் ஆசிரியர்களோ காவலர்களோ தீயணைப்பு வீரர்களோதான். டிக்கெட் பணத்தில் நற்காரியத்துக்கு ஒரு பங்கு, ஆட்டக்காரர்களுக்கும் கொஞ்சம். எந்தப் புள்ளிப் பட்டியலிலும் ஏறாத ஆட்டம் அது. ஜனங்கள் வந்தது யார் ஜெயிப்பார்கள் என்று பார்க்க இல்லை, அந்த ஆட்களைப் பார்க்க.

இதைத்தான் ஆங்கிலத்தில் எக்ஸிபிஷன் மேட்ச் என்கிறார்கள். லத்தீனில் 'எடுத்து நீட்டு, காட்டு' என்று பொருள்படும் வினையிலிருந்து வந்த சொல் அது. தமிழில் நேராக நிற்பது 'காட்சி'. மாண் என்பது மாட்சி ஆனதுபோல காண் என்பது காட்சி ஆயிற்று. சினிமாக் கொட்டகையில் பகல் காட்சி, மாலைக் காட்சி என்கிறோமே, அதே சொல்தான். டிக்கெட் வாங்கி உட்கார்ந்து பார்ப்பது. குறளின் இறைமாட்சி அதிகாரத்தில் 'காட்சிக்கு எளியன்' என்று வரும். பார்க்க எளிதில் கிடைப்பவன் என்று பொருள். அங்கே பேச்சு அரசனைப் பற்றி என்றாலும், பெரிய மைதானத்தில் தூரத்தில் மட்டுமே தெரிந்த ஆட்டக்காரன் நம்ம ஊர்ப் பள்ளியில் கை எட்டும் தூரத்தில் வந்து நிற்பதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் 'கண்காட்சி'க்கு என்ன குறை? அந்தச் சொல்லுக்கு ஒரு குறையும் இல்லை, அதற்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது, அவ்வளவுதான். பொருள்களை வரிசையாக வைத்து, ஜனங்கள் நடந்து நடந்து பார்ப்பது கண்காட்சி. ஊட்டியில் மலர்க் கண்காட்சி, சென்னையில் 1977 முதல் நடக்கும் புத்தகக் கண்காட்சி. மதுரையில் சித்திரைப் பொருட்காட்சியை 'எக்ஸிபிஷன்' என்றே சொல்லுவோம்; எக்ஸிபிஷன் போனோம், ராட்டினம் ஏறினோம், டெல்லி அப்பளம் தின்றோம் என்போம். மொழிபெயர்ப்பவர் மனதில் அந்த எக்ஸிபிஷன்தான் வந்து நிற்கிறது. அகராதியில் முதலில் கண்ணில் பட்ட பொருளை எடுத்து ஒட்டிவிடுகிறார். இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. 'கண்காட்சிப் போட்டி' என்ற தொடர் நம் பள்ளிகளில் வேறு பொருளில் புழங்குகிறது. 'மாவட்ட அளவிலான அறிவியல் கண்காட்சிப் போட்டி' என்று அறிவிப்புப் பலகையில் எழுதிப் போடுகிறார்கள். எரிமலை மாதிரி செய்துகொண்டுபோய் வைக்கிற அந்தப் போட்டி. ஒரே தொடர் இரண்டையும் எப்படித் தாங்கும்?

சிலர் 'நட்புப் போட்டி' என்கிறார்கள். இலங்கையில் 'சிநேகபூர்வ ஆட்டம்' என்ற அழகான வழக்கு இருக்கிறது. ஆனால் அது வேறு. இரண்டு நாட்டுக் கால்பந்து அணிகள் நட்பு ஆட்டம் ஆடினால் ஃபிஃபா தரவரிசையில் புள்ளி ஏறும், இறங்கும். காட்சி ஆட்டத்தில் அப்படி எதுவும் இல்லை. பல சமயம் நட்புக் கொள்ள இரண்டு அணிகளே இருப்பதில்லை. அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ நடத்தும் பிரபலங்கள் ஆட்டத்தில் 2008, 2009 இரண்டு ஆண்டும் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கியவர் என்எஃப்எல் வீரர் டெரல் ஓவன்ஸ். அங்கே அணிகள் அந்த ஒரு ஆட்டத்துக்காகச் சேர்ந்தவை. யாருக்கும் யாருக்கும் நட்பு?

'வேடிக்கை ஆட்டம்' என்றும் ஒரு நண்பர் சொன்னார். காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் மனம் ஒப்பவில்லை. ராபர்ட் எட்வர்ட்ஸ் என்று ஒருவர். 1998இல் என்எஃப்எல்லின் நியூ இங்கிலாந்து அணிக்கு முதல் சீசனிலேயே பந்தோடு 1,115 கஜம் ஓடியவர். 1999 பிப்ரவரியில் ஹவாய்க் கடற்கரை மணலில், புதியவர்களுக்காக வைத்த ஒரு காட்சி ஆட்டத்தில் குதித்து இறங்கும்போது முழங்கால் சிதைந்தது. காலையே எடுக்க வேண்டியிருக்குமோ என்ற நிலை. மறுபடி என்எஃப்எல் களத்தில் இறங்கியது 2002இல்தான். அதற்குப் பெயர் வேடிக்கையா? கிளப்பின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் காயம் படும் ஆபத்துள்ள வேறு காரியங்களில் இறங்கக் கூடாது என்று என்எஃப்எல் ஒப்பந்தத்தில் தனிப் பிரிவே இருக்கிறது.

ஆக, 'காட்சி' உறுதி. செய்தித்தாள்கள் முன்பே 'காட்சிப் போட்டி' என்று எழுதியிருக்கின்றன, அது எவ்வளவோ மேல். ஆனாலும் பந்தயம் ஏதும் இல்லாத இடத்தில் 'போட்டி' எதற்கு? 'ஆட்டம்' போதும். காட்சி ஆட்டம். சேர்த்துக் காட்சியாட்டம் என்று எழுதினாலும் சரி.

அந்த வரியில் மற்ற சொற்களும் உறுத்துகின்றன. 'பருவமற்ற காலம்' என்றால் மழை தப்பிய காலம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. குற்றாலத்தில் 'சீசன் முடிஞ்சிருச்சு' என்றால் புரியாதவர் யார்? அதையே எழுதலாம். 'கால்பந்து வீரர்கள்' என்று மொட்டையாக விட்டால் தமிழ் வாசகர் மனதில் மெஸ்ஸியும் ரொனால்டோவும்தான் வருவார்கள். 'அமெரிக்கக் கால்பந்து' என்று சொல்லியே ஆகவேண்டும்.

இந்தச் சொற்களெல்லாம் புதிதாகச் செய்ய வேண்டியவை அல்ல. எல்லாம் வீட்டிலேயே இருக்கின்றன. எழுதி முடித்ததும் ஒரு தடவை வாய்விட்டுப் படித்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். அதற்கு நேரம் கொடுக்காமல் வரிக்கு இவ்வளவு என்று கூலி பேசி வேலை வாங்குகிறவர்களுக்கும் இதில் பங்கு உண்டு.

அந்த வரியை நான் எழுதியிருந்தால் இப்படி எழுதியிருப்பேன்: 'சீசன் முடிந்ததும் அமெரிக்கக் கால்பந்து வீரர்கள் ஊர் ஊராகப் போய்க் கூடைப்பந்துக் காட்சி ஆட்டம் ஆடினார்கள்.' அக்கா மகனுக்குப் படித்துக் காட்டினேன். "அப்ப யார் ஜெயிச்சாங்கங்கறது முக்கியமில்லையா?" என்றான்.