பின்னணிச் சோதனையா, முன்நடத்தைச் சரிபார்ப்பா?

ஈரோடு பக்கம் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து படிவம் நிரப்பிய நாளிலிருந்து ‘பேக்ரவுண்ட் செக்’ என்பதைத் தமிழில் என்னவென்று சொல்வது என்ற கேள்வி என்னை விடவில்லை. மாணவர் பரிமாற்றத் திட்டம் ஒன்றில் வெளிநாட்டிலிருந்து வரும் பதினாறு வயதுப் பெண்ணைச் சில மாதம் தங்கவைக்க அந்த வீட்டுக்காரர் ஒப்புக்கொண்டிருந்தார். ஆங்கிலப் படிவத்தோடு யாரோ செய்த தமிழாக்கமும் இருந்தது. அதில் ஒரு தலைப்பு: ‘பின்னணிச் சோதனைக்கான ஒப்புதல்’. அதற்குக் கீழே ‘உங்கள் பின்னணி’ என்று போட்டு நாலு கோடு.

வீட்டுக்கார அண்ணன் யோசிக்கவே இல்லை. ‘விவசாயக் குடும்பம். அப்பா இரண்டு முறை பஞ்சாயத்துத் தலைவர். பெரியப்பா வக்கீல். ஊரில் நல்ல பெயர்’ என்று குண்டு குண்டான கையெழுத்தில் எழுதி முடித்தார். அப்புறம்தான் தலைப்பைத் திரும்பப் படித்தார். முகம் மாறிவிட்டது. “ஏனுங்க தம்பி, சோதனைன்னா? வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்து பார்ப்பாங்களா?”

அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. இரண்டு சொல்லுக்கும் தமிழில் என்ன பொருளோ அந்தப் பொருளில்தான் படித்தார். கேட்டவர்களுக்கு வேண்டியது வேறு.

பேச்சில் எல்லோரும் ‘பேக்ரவுண்ட் செக்’ என்றே சொல்கிறோம். முதலில் ‘பேக்ரவுண்ட்’. இது பதினேழாம் நூற்றாண்டில் நாடக மேடையிலிருந்து வந்த ஆங்கிலச் சொல். மேடையின் பின்பகுதி, பார்வையாளர் கண்ணுக்கு எளிதில் படாத இடம், அதுதான் பேக்ரவுண்ட். பிறகு ஓவியத்துக்குப் போனது. ஒரு மனிதர் வந்த வழி, படித்த படிப்பு, செய்த வேலை என்ற பொருள் பின்னாளில்தான் ஒட்டிக்கொண்டது.

‘செக்’கின் கதை இன்னும் நீளம். பாரசீகத்தில் ‘ஷா’ என்றால் அரசன். சதுரங்கத்தில் ராஜாவுக்கு ஆபத்து வரும்போது எதிராளி சொல்லும் அந்தச் சொல் அரபு, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து ‘செக்’ ஆனது. ராஜாவை நிறுத்துவது என்பதிலிருந்து தடுத்து நிறுத்துவது என்றும், நிறுத்திப் பார்ப்பது என்றும், ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது என்றும் பொருள் விரிந்தது. வங்கியில் கொடுக்கும் செக்கும் இதே வேர்தான். நாம் செஸ் ஆடும்போது வைக்கிற செக், பேங்கில் போடுகிற செக், ‘ஒரு தடவை செக் பண்ணிடு’ என்கிற செக், மூன்றும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

இப்போது தமிழுக்கு வருவோம். ‘பின்னணி’ என்பது பின் + அணி. படையின் பின்வரிசை. அங்கிருந்து பின்னணிப் பாடகர், பின்னணி இசை என்று சினிமாவுக்குள் வந்தது. ஆளைப் பற்றிச் சொல்லும்போது இந்தச் சொல் வேறு திசையில் போகிறது. ‘குடும்பப் பின்னணி’, ‘அரசியல் பின்னணி’, ‘பணக்காரப் பின்னணி’. ஒருவரின் பின்னணி என்ன என்று கேட்டால் அவர் யார் வீட்டுப் பிள்ளை, எந்த ஊர், எவ்வளவு வசதி என்றுதான் நம் காதில் விழுகிறது. வாய்விட்டுக் கேட்காத சாதிக் கேள்வியும் அதற்குள் ஒளிந்திருக்கும். அண்ணன் எழுதிய நாலு வரியும் இந்தக் கேள்விக்கான சரியான பதில்.

சிலர் ‘பின்புலம்’ என்று போடுகிறார்கள். அது இன்னும் மோசம் என்பேன். ‘அவனுக்குப் பெரிய பின்புலம் இருக்கு’ என்றால் செல்வாக்கு இருக்கிறது, தொட முடியாது என்று அர்த்தம். பிள்ளைகளைப் பாதுகாக்க ஒருவரை அலசும்போது எந்த விஷயம் நம் கண்ணை மறைக்கக் கூடாதோ, அதையே பெயராக வைத்தது போல ஆகிவிடுகிறது.

‘சோதனை’ வடமொழி ‘சோதன’த்திலிருந்து வந்தது. தூய்மை செய்தல் என்பது மூலப்பொருள். தமிழில் பரீட்சித்துப் பார்ப்பது என்று ஆனது. ரத்தச் சோதனையில் அது நன்றாகவே பொருந்துகிறது. ஆனால் மனிதர்கள் மேல் வரும்போது வருமான வரிச் சோதனை, வாகனச் சோதனை, விடிய விடியச் சோதனை என்று செய்தித்தாள் பழக்கிவிட்டது. ‘எனக்கு ஏன் இந்தச் சோதனை’ என்று சாமியிடம் கேட்பதும் இதே சொல்தான். உதவி செய்ய முன்வந்த ஒரு தன்னார்வலரிடம் போய் ‘உங்களைச் சோதனை போடப் போகிறோம்’ என்றால் பீரோ சாவி ஞாபகத்துக்கு வராமல் என்ன செய்யும்?

சரி, இந்தப் பெயருக்குப் பின்னால் உண்மையில் என்ன நடக்கிறது? ரோட்டரியின் இளைஞர் பரிமாற்றத் திட்டத்தை எடுத்துக்கொள்ளலாம். 15 முதல் 19 வயது வரை உள்ள மாணவர்கள் வேறு நாட்டில் போய்த் தங்கிப் படிக்கிறார்கள். தங்கவைக்கும் குடும்பங்கள் எல்லாம் தன்னார்வலர்கள். அந்த வீட்டில் வசிக்கும் பெரியவர்கள் ஒவ்வொருவரும், மாணவருக்கு ஆலோசகராக இருப்பவரும், தனியாக விண்ணப்பம் கொடுக்க வேண்டும். குற்றப் பதிவு பார்க்கப்படும். தெரிந்தவர்களைக் கூப்பிட்டுப் பேசுவார்கள். நேரில் பேட்டி எடுப்பார்கள். சொல்லிவிட்டும் வீட்டுக்கு வருவார்கள், சொல்லாமலும் வருவார்கள். பாலியல் அத்துமீறலோ துன்புறுத்தலோ செய்ததாக ஒப்புக்கொண்டவர், தண்டிக்கப்பட்டவர், செய்தது வேறு வகையில் உறுதியானவர் யாரும் இளைஞர்களோடு வேலை செய்ய முடியாது. மாணவரின் ஆலோசகர் அவரைத் தங்கவைக்கும் குடும்பத்தைச் சேர்ந்தவராக இருக்கவும் கூடாது. வீட்டில் ஏதாவது சரியில்லை என்றால் அந்தப் பிள்ளை வீட்டுக்கு வெளியே ஒருவரிடம் போய்ச் சொல்ல வழி வேண்டுமே, அதற்காக.

அமெரிக்காவில் பள்ளி மாணவர் பரிமாற்றத்துக்கு அரசு விதியே இருக்கிறது. தங்கவைக்கும் வீட்டில் 18 வயதான ஒவ்வொருவருக்கும் குற்றப் பதிவு பார்க்க வேண்டும். பாலியல் குற்றவாளிகளின் தேசியப் பட்டியலிலும் தேட வேண்டும். மாணவர் தங்கியிருக்கும் காலத்துக்குள் யாருக்காவது 18 முடிந்தால் அவருக்கும் உண்டு. இதைச் சொன்னபோது அந்த ஈரோட்டு வீட்டு அக்கா, “நம்ம பையனுக்குமா? போன மாசம்தானே பதினெட்டு முடிஞ்சுது” என்று உள்ளேயிருந்து கேட்டார். அவர்கள் சேர்ந்த திட்டத்திலும் ஆமாம்தான். அதில் அவமானம் ஒன்றும் இல்லை, எல்லோருக்கும் ஒரே விதி என்பதுதான் அதன் நியாயம்.

பதிவைப் பார்ப்பது மட்டும் போதாது என்பதை இங்கிலாந்து பெரிய விலை கொடுத்துக் கற்றது. 2002 ஆகஸ்டில் சோஹம் என்ற சிறு நகரத்தில் பத்து வயதுச் சிறுமிகள் இருவர் கொல்லப்பட்டார்கள். கொன்றவன் அங்கே ஒரு உயர்நிலைப் பள்ளியில் கட்டடப் பராமரிப்பாளராக வேலை பார்த்தவன். வேறொரு மாவட்டத்தில் அவன் மேல் முன்பே பல புகார்கள் வந்திருந்தன. எதிலும் தண்டனை இல்லை. அவன் வேறு குடும்பப் பெயரிலும் வாழ்ந்திருந்தான். வேலைக்கு எடுத்தபோது அந்தப் புகார்களில் ஒன்றுகூட உரியவர்கள் கைக்கு வந்து சேரவில்லை. 2004இல் வந்த பிச்சர்ட் விசாரணை அறிக்கை இந்த ஓட்டைகளை வரிசையாக எடுத்துவைத்தது. அதன் தொடர்ச்சியாக 2006இல் சட்டம் வந்தது. 2012 டிசம்பரில் இரண்டு அமைப்புகளை இணைத்து இந்தச் சரிபார்ப்புகளைச் செய்யும் இன்றைய அரசு அமைப்பான டி.பி.எஸ். (Disclosure and Barring Service) உருவானது. பழைய அமைப்புகளில் ஒன்றின் பெயரில் ‘குற்றப் பதிவு’ இருந்தது. புதியதன் பெயரில் ‘வெளிப்படுத்தல்’, ‘தடை’ என்ற இரண்டு சொற்கள் இருக்கின்றன. என்ன செய்கிறார்கள் என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது.

ஆஸ்திரேலியாக்காரர்கள் வைத்த பெயர் எனக்கு இன்னும் பிடிக்கும். அங்கே பல மாநிலங்களில் இதற்குக் ‘குழந்தைகளோடு பணியாற்றுவதற்கான சரிபார்ப்பு’ என்று பொருள்படும் பெயர். ஆளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, வேலையைப் பற்றித்தான். ஆங்கிலத்தில் ‘வெட்டிங்’ என்றும் ஒரு சொல் புழங்குகிறது. கால்நடை மருத்துவர் விலங்கைப் பரிசோதிப்பதிலிருந்து பிறந்த சொல் அது. மனிதருக்கு அந்தச் சொல் வேண்டாம்.

இந்தியாவில் நாம் ‘போலீஸ் வெரிஃபிகேஷன்’ என்று சொல்லிப் பழகியிருக்கிறோம். வாடகைக்கு வருபவர், வீட்டு வேலைக்கு வருபவர், பாஸ்போர்ட் எடுப்பவர் என்று பலருக்கும் இது தெரிந்த விஷயம். போக்சோ விதிகள் 2020 வந்த பிறகு, குழந்தைகளைத் தங்கவைக்கும் அல்லது அவர்களோடு அடிக்கடி தொடர்பில் இருக்கும் நிறுவனங்கள் தங்கள் ஊழியர்களைக் காவல்துறை மூலம் குறிப்பிட்ட கால இடைவெளியில் சரிபார்க்க வேண்டும். ஆசிரியர், ஆசிரியர் அல்லாதவர், ஒப்பந்த ஊழியர் எல்லோருக்கும் இது பொருந்தும். ‘கால இடைவெளியில்’ என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஒரு முறை வாங்கி ஃபைலில் வைத்த காகிதம் அந்தத் தேதி வரைக்கும்தான் பேசும்.

நம்மிடம் இதற்குச் சொல்லே இல்லையா என்றால், பழக்கம் நிறையவே இருக்கிறது. பெண் கொடுக்கும் முன், எடுக்கும் முன் நாம் ‘விசாரிக்கிறோம்’. டீக்கடையில், பக்கத்து வீட்டில், பையன் வேலை செய்யும் இடத்தில். உண்மையில் ரெஃபரன்ஸ் செக் என்பது இதுதான். ஆனால் அந்த விசாரிப்பும் பெரும்பாலும் பின்னணியைத்தான் தேடும், நிலம் எவ்வளவு, குடும்பம் எப்படி என்று. ‘நல்ல குடும்பத்துப் பையன்’ என்ற ஒரு வரி எத்தனையோ வீடுகளில் பிள்ளைகளின் வாயை அடைத்திருக்கிறது. ‘விசாரணை’ என்று பெயர்ச்சொல்லாக மாற்றினாலோ நேராகக் காவல் நிலையத்துக்குப் போய்விடும். ஆகவே அதுவும் உதவாது.

‘நன்னடத்தைச் சான்றிதழ்’ பள்ளியை விட்டு வரும்போது எல்லோரும் வாங்கியதுதான். அதில் ஒரு சிக்கல். பார்ப்பதற்கு முன்பே ‘நல்ல’ என்று முடிவு கட்டிவிடுகிறது. சிறையில் நன்னடத்தை, நன்னடத்தை அலுவலர் என்று சட்டத்திலும் அதற்குத் தனி இடம் இருக்கிறது.

அதனால் நான் கைக்கொள்வது ‘முன்நடத்தைச் சரிபார்ப்பு’. நடத்தை என்பது ‘நட’ என்ற வினையிலிருந்து வருகிறது. ஒருவர் எப்படி நடந்துகொண்டார் என்பது மட்டும்தான் அதில் கேள்வி. யாருடைய மகன் என்பதற்கு அங்கே இடமில்லை. ‘முன்’ சேர்ந்தால் இதுவரை என்று காலமும் வந்துவிடுகிறது. நாள் முன்னோடு சேர்ந்து முன்னாள் ஆவது போல இதுவும் இலக்கணப்படி ‘முன்னடத்தை’ ஆக வேண்டும். படிப்பவர் தடுமாறாமல் இருக்க நான் பிரித்தே எழுதுகிறேன். தமிழாசிரியர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

‘சரிபார்ப்பு’ ஏற்கெனவே ஊரறிந்த சொல். அரசுத் தேர்வு எழுதிய யாருக்கும் ‘சான்றிதழ் சரிபார்ப்பு’ தெரியும். நீங்கள் சொன்னதும் ஆவணம் சொல்வதும் ஒத்துப்போகின்றனவா என்று பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. அதில் பீரோ கிடையாது, ரெய்டு கிடையாது. சந்தேகத்தில் தொடங்காமல், நீங்கள் கொடுத்த தகவலிலிருந்தே தொடங்குகிறது. ஆங்கில ‘செக்’ கடைசியில் வந்து நின்ற பொருளும் இதேதான். காவல்துறைப் பதிவை மட்டும் சொல்ல வேண்டிய இடத்தில் ‘குற்றப் பதிவுச் சரிபார்ப்பு’ என்று தனியாகச் சொல்லலாம். அது முன்நடத்தைச் சரிபார்ப்பின் ஒரு பகுதி, முழுவதும் அல்ல. சோஹமுக்குப் பிறகு இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

அன்று திண்ணையில் அந்தத் தலைப்பை அடித்துவிட்டு ‘முன்நடத்தைச் சரிபார்ப்புக்கு ஒப்புதல்’ என்று மேலே எழுதினேன். ‘உங்கள் பின்னணி’யையும் அடித்துவிட்டு, ஆங்கிலப் படிவத்தில் இருந்த கேள்வியை அப்படியே கேட்டேன்: “இதுக்கு முன்னாடி பதினெட்டு வயசுக்குக் கீழ இருக்கிற பிள்ளைகளோட எங்கெல்லாம் வேலை செஞ்சிருக்கீங்க? அங்க யாரைக் கேட்டா உங்களைப் பத்திச் சொல்வாங்க?”

அண்ணன் பேனாவை வாங்கினார். பஞ்சாயத்துத் தலைவர், வக்கீல் இரண்டு வரியையும் தானே அடித்தார். ‘பதினோரு வருடம் ஊர்ப் பள்ளிப் பையன்களுக்குக் கபடிப் பயிற்சி’ என்று எழுதிவிட்டு, அந்தப் பள்ளியின் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் நம்பருக்காக செல்போனில் தேட ஆரம்பித்தார்.