பி.காம். மாணவர் கையில் பியூரெட்

எங்கள் கல்லூரி வேதியியல் துறைக்கு வாரம் இரண்டு மணி நேரம் பி.காம்., தமிழ் இலக்கிய மாணவர்கள் வருகிறார்கள். பிளஸ் டூவில் வேதியியல் படிக்காதவர்கள். முதல் வகுப்புக்கே ஆளுக்கொரு பாட்டிலில் வீட்டுத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லிவிடுவேன்.

50 மி.லி. தண்ணீரில் காரத்தன்மையை நிலையாக வைக்கும் அம்மோனியா பஃபரும், நிறம் மாறிக் காட்டும் எரியோகுரோம் பிளாக் டி சிட்டிகையும் போட்டால் குடுவை சிவக்கும். பியூரெட் என்ற அளவுக் குழாயிலிருந்து, தண்ணீரைக் கடினமாக்கும் கால்சியம், மெக்னீசியத்தைப் பிடித்துக்கொள்ளும் ஈ.டி.டி.ஏ. கரைசல் (செறிவு 0.01 மோலார்) இறங்க இறங்க, சிவப்பு ஊதாவாகி, சட்டென்று நீலமாகும். ஊதா தட்டியதும் ஒரு சொட்டு, ஒரு சுழற்று. அவ்வளவுதான் பக்குவம். இறங்கிய மி.லி.யை 20-ஆல் பெருக்கினால், லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் கடினத்தன்மை என்று தெரிந்துவிடும். இந்தியத் தர நிர்ணயம் 200 வரை ஏற்கிறது. வேறு தண்ணீரே இல்லையென்றால் 600 வரை.

ஒரு மாணவிக்கு 14.2, 14.3, 15.4 என்று வந்தது. "மூணையும் கூட்டி சராசரி போட்டுடலாமா சார்?" என்றார். "உங்க கணக்குல ஒரு பில் உதைச்சா சராசரி போடுவீங்களாம்மா?" என்றேன். சரி என்று மறுபடி செய்தார், 14.2. 15.4 வந்தபோது ஊதாவில் நிற்காமல் திறந்துவிட்டிருக்கிறார். அளவீட்டை நம்புவதற்கு முன் அது எப்படி வந்தது என்று பார்க்கும் இந்தப் பழக்கத்துக்காகத்தான் இந்த வகுப்பையே நடத்துகிறேன்.

அப்புறம் ஆணிச் சோதனை. சுத்திகரிப்பு இயந்திரம் விற்க வருபவர்கள் குழாய்த் தண்ணீரில் கம்பிகளை விட்டு மின்சாரம் கொடுப்பார்கள். தண்ணீர் பழுப்பாகிக் குழம்பும். பார்ப்பவருக்கு வயிறு கலங்கும். நாங்கள் இரண்டு இரும்பு ஆணியும் 9 வோல்ட் பேட்டரியும் வைத்துச் செய்கிறோம். ஆர்.ஓ. தண்ணீரில் ஒன்றும் ஆகாது. அதிலேயே ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டால் சில நிமிடங்களில் அதே பழுப்பு! உப்பு இருந்தால் மின்சாரம் பாயும், ஆணி கரையும். நிறம் ஆணியின் இரும்பு. தண்ணீரின் அழுக்கு அல்ல.

தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரும் அப்படித்தான். மொத்த உப்பைத் தோராயமாகச் சொல்லும், எந்த உப்பு என்று சொல்லாது. தர்மபுரிப் பக்கத்து நிலத்தடி நீரில் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினாலே ஆபத்து. நூற்றுக்கணக்கில் ஓடும் மீட்டர் எண்ணில் அது எங்கே தெரியப்போகிறது?

உங்கள் வீட்டு போர் தண்ணீரில் சந்தேகம் இருந்தால் இயந்திரம் வாங்குவதற்கு முன், குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டிச் சோதித்துப் பாருங்கள். பாட்டிலை அதே தண்ணீரால் மூன்று முறை அலசிவிட்டு நிரப்புங்கள். எடுத்த தேதியையும் நேரத்தையும் மேலே எழுதி ஒட்டிவிடுங்கள்.